துப்பாக்கி எடுத்துச் செல்பவர்களே, உங்கள் சொந்தக் காரணம் என்ன?

வைப்பாற்றான் (டாலஸ்)

துப்பாக்கி உரிமை தரும் அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம், அதை ஒட்டி உச்ச நீதிமன்றம் தந்த 2008 ஹெல்லர் தீர்ப்பு, 2022 புரூயன் தீர்ப்பு என்று சட்டம் பேச இந்தக் குழுவில் வேறு இழைகள் இருக்கின்றன. அங்கே போய் வேண்டிய மட்டும் சண்டையிடுங்கள். நான் கேட்பது வேறு. காலையில் சாவி, பர்ஸ், கைப்பேசியோடு கைத்துப்பாக்கியையும் இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்புகிற தமிழர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். எதற்காக? "உரிமை இருக்கிறது" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உரிமை எனக்கும்தான் இருக்கிறது, நான் எடுத்துச் செல்வதில்லை.

டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயதாகி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். கடையில் எனக்கு முன்னால் நிற்பவரிடம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது இந்தக் கணக்குதான்: 1999இல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு முதன்மைக் காரணம் வேட்டை என்றவர்கள் 49 சதவீதம், பாதுகாப்பு என்றவர்கள் 26 சதவீதம். பியூ நிறுவனத்தின் 2023 கருத்துக்கணிப்பில் பாதுகாப்பைப் பெரிய காரணமாகச் சொன்னவர்கள் 72 சதவீதம். இடைப்பட்ட ஆண்டுகளில் வன்முறைக் குற்றம் குறைந்திருக்கிறது. குற்றம் இறங்க இறங்கப் பயம் ஏறுகிறது என்றால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

இரவுக்கடை (ஜார்ஜியா)

நான் எடுத்துச் செல்கிறேன். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்ரோல் நிலையமும் கடையும் நடத்துகிறேன். நள்ளிரவில் கல்லாப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வெளிச்சமில்லாத வாகன நிறுத்தத்தைக் கடந்து, வங்கியின் இரவுப் பெட்டியில் போடப் போகிறவனிடம் வந்து "சமுதாயத்தின் பயச் சூழல்" என்று பாடம் எடுக்காதீர்கள், தம்பி. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களின் பயம் எப்படிப்பட்டதோ எனக்குத் தெரியாது. என் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு என் இடுப்பிலும் ஒன்று இருந்தது. எடுக்கவில்லை. கல்லாவைத் திறந்து பணத்தைக் கொடுத்தேன், போய்விட்டான்.

உடனே "அப்படியென்றால் துப்பாக்கி எதற்கு?" என்று கேட்பீர்கள். ஏற்கெனவே குறிவைத்து நிற்பவனுக்கு எதிரே உறையிலிருந்து உருவ முயன்றால் செத்துப்போவாய் என்று பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே சொன்னார். பணத்தோடு அவன் நிறுத்தாமல், என்னையும் கடையில் வேலை பார்க்கும் பெண்ணையும் பின்னறைக்கு நடக்கச் சொல்லியிருந்தால்? அந்த ஒரு கேள்விக்காகத்தான் வைத்திருக்கிறேன்.

கணக்கன்

வைப்பாற்றான், நீங்கள் ஒப்பிட்ட இரண்டும் ஒரே கேள்வி அல்ல. 1999இல் கேட்டது "முதன்மைக் காரணம் எது" என்று, ஒரே ஒரு பதில்தான். 2023இல் ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாகப் பெரிதா சிறிதா என்று கேட்டார்கள். பழைய கேள்வியையே 2013இல் பியூ திரும்பக் கேட்டபோது பாதுகாப்பு 48, வேட்டை 32. திசை நீங்கள் சொல்வதுதான், ஆனால் பாய்ச்சல் அவ்வளவு பெரிதில்லை.

பயம் பற்றிச் சொன்னதற்கு மட்டும் கூடுதல் சான்று இருக்கிறது. எஃப்.பி.ஐ. கணக்கில் 1991இல் ஒரு லட்சம் பேருக்கு 758 வன்முறைக் குற்றங்கள். 2022இல் ஏறத்தாழ 380, அதாவது பாதி. அதே 2022இல் கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது, போன ஆண்டைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது என்றவர்கள் 78 சதவீதம். "உங்கள் பகுதியில்?" என்று கேட்டால் 56. நாட்டைப் பற்றிய பயம் தொலைக்காட்சியிலிருந்து வருகிறது, தெருவைப் பற்றிய பயம் சன்னலிலிருந்து வருகிறது என்பது என் ஊகம். இரவுக்கடை அண்ணனுடையது சன்னல் பயமும் இல்லை, கல்லா பயம். அவரை இந்த விவாதத்தில் எல்லோருக்கும் எடுத்துக்காட்டாக நிறுத்துவது நியாயம் அல்ல.

குறிதவறான் (ஹூஸ்டன்)

பயம் பயம் என்று ஏன் எல்லாரும் அதையே பிடித்துத் தொங்குகிறீர்கள்? சமையலறையில் தீயணைப்பான் வைத்திருக்கிறேன். தீ பிடிக்கும் என்று நடுங்கிக்கொண்டா சமைக்கிறேன்? பிடித்தால் அணைக்க ஒன்று வேண்டும், அவ்வளவுதான். துப்பாக்கியும் அப்படியே. முறைப்படி வகுப்புக்குப் போனேன். தேர்வில் ஐம்பது தோட்டா சுட வேண்டும், 3, 7, 15 கஜத் தூரத்தில். 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி, நான் 241. உரிமம் கட்டாயம் இல்லை என்றான பிறகும் உரிமத்தைப் புதுப்பித்தேன். பொறுப்பானவர்களும் இருக்கிறோம் என்பதைப் பதிவு செய்கிறேன்.

மினசோட்டா மாமி

241 வாங்கியதற்கு வாழ்த்துகள் தம்பி. அந்தத் தேர்வில் அட்டை அசையாது, திருப்பிச் சுடாது, அழாது.

தீயணைப்பானைக் கையில் வைத்திருக்கிறார் என்பதற்காக ஒருவரைப் போலீஸ் சுட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. துப்பாக்கிக்கு அப்படி நடந்திருக்கிறது, நாங்கள் இருக்கும் மாநிலத்தில். 2016 ஜூலை 6, ஃபால்கன் ஹைட்ஸ். ஃபிலாண்டோ காஸ்டில் பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்த்தவர். உரிமம் வாங்கித்தான் துப்பாக்கி வைத்திருந்தார். காரை நிறுத்திய அதிகாரியிடம், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே மரியாதையாகச் சொன்னார். சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் அவருடைய காதலியும் அவளது நான்கு வயதுக் குழந்தையும் இருந்தார்கள். பயந்துபோனேன் என்றார் அதிகாரி. 2017இல் விடுதலை.

நீங்கள் பொறுப்பானவர் என்பது உங்கள் உரிம அட்டையில் இருக்கிறது. இருட்டில், சாலையோரத்தில், எதிரே வருகிறவருக்கு முதலில் தெரிவது உங்கள் தோல். எடுத்துச் செல்வதா வேண்டாமா என்று நாம் யோசிக்கும்போதெல்லாம் "எனக்கு யாரைக் கண்டு பயம்" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். என்னைக் கண்டு யாருக்குப் பயம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டிய நிறத்தில் பிறந்திருக்கிறோம்.

புதியவன்77

ஒரு சின்ன சந்தேகம். நான் எச்-1பி விசாவில் வந்திருக்கிறேன். டெக்சாஸில் உரிமம் வேண்டாம் என்கிறீர்களே, நானும் வாங்கலாமா? அடுக்குமாடியில் போன வாரம் இரண்டு கார்களை உடைத்துவிட்டார்கள்.

சட்டப்புள்ளி

வேண்டாம். மாநிலச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்ப்பதற்கு முன்பே கூட்டரசுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. எச்-1பி போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் நிலைமை வேறு. கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் இதை நேராகவே கேட்பார்கள். அங்கே பொய் எழுதுவது தனிக் குற்றம்.

இன்னொன்று, யாரும் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன். "வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் அல்ல. வார இறுதியில் நண்பரோடு சுடுதளத்துக்குப் போய், அவர் துப்பாக்கியை வாங்கிச் சுட்டு, படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடுகிறார்கள் நம் பிள்ளைகள். அந்தப் படமே ஒருநாள் சான்றாக நிற்கலாம். கார் உடைப்புக்குக் காப்பீட்டு நிறுவனத்தை அழையுங்கள்.

மாநிலம் தாண்டிப் பயணம் செய்கிறவர்களும் கவனிக்க வேண்டும். பென்சில்வேனியா உரிமம் நியூஜெர்சியில் செல்லாது. பாலத்தைக் கடந்தவுடன் பொறுப்பான குடிமகன் குற்றவாளி ஆகிவிடுகிறார்.

தனிவழி

இந்த இழையைப் படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இதுவரை பேசியவர்கள் எல்லோரும் அந்நியனைப் பற்றியே பேசுகிறீர்கள்.

எனக்கு அந்நியரிடம் பயம் இல்லை. நான் பயப்படுகிறவருடன் எனக்குக் கல்யாணம் நடந்தது, மண்டபம் நிறைய ஆட்கள் வந்து வாழ்த்தினார்கள். விவாகரத்து முடிந்துவிட்டது. நீதிமன்றத் தடையாணை இருக்கிறது. அப்படிப்பட்ட ஆணைக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் 8-1 என்று உறுதி செய்தது. நல்லது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வாசலில் கார் வந்து நின்று, விளக்கை அணைத்துவிட்டு, அரைமணி நேரம் அப்படியே இருக்கும்போது, தீர்ப்பின் நகல் என்னோடு கட்டிலில் படுத்திருந்து என்ன செய்யும்? 911ஐ அழைத்தேன். வந்தார்கள். அவர்கள் வருவதற்குள் கார் போய்விட்டது. இது ஒருமுறை நடந்தது அல்ல.

வாங்கினேன். கற்றுக்கொண்டேன். இப்போது எடுத்துச் செல்கிறேன். என் வட்டத்துப் பெண்களிடம் சொன்னபோது "ஐயோ, வீட்டில் துப்பாக்கியா!" என்றார்கள். அந்த மனிதர் என் கையை முறுக்கியபோது இதே வாய்கள் "கொஞ்சம் அனுசரித்துப் போ" என்றன.

பச்சை அங்கி

தனிவழி, உங்களிடம் யாரும் விளக்கம் கேட்கும் உரிமை இல்லை. நான் சொல்லப்போவது உங்களை மறுப்பதற்காக அல்ல. அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன், பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நள்ளிரவில் முகமூடி அணிந்து சன்னல் வழியே குதிப்பவனை மனத்தில் வைத்துத்தான் பலர் துப்பாக்கி வாங்குகிறார்கள். எங்களிடம் தூக்கிக்கொண்டு வரப்படுகிறவர்களின் கதை பெரும்பாலும் அது இல்லை. 2022இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 48,200 பேர். அதில் ஏறத்தாழ 27,000 பேர் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் பல லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது மற்ற ஆண்களைவிட எட்டு மடங்கு. பெண்களிடம் 35 மடங்கு. மாத்திரை விழுங்கியவர்களில் மிகப் பெரும்பாலானோரைப் பிழைக்க வைக்கிறோம். பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் மறுபடி அந்த வழியில் சாவதில்லை. துப்பாக்கி அந்த இரண்டாவது வாய்ப்பைத் தருவது அரிது.

எங்கள் ஆட்களிடம் இதைப் பேசவே முடிவதில்லை. வேலை போய்விட்டது, விசா கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்று உட்கார்ந்திருக்கிறவரிடம் "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டால், "நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை" என்று மனைவி பதில் சொல்கிறார். எப்படிப்பட்ட குடும்பம்? அமெரிக்காவில் யாருக்காவது அந்த நிலை என்றால் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988க்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

தனிவழி

பச்சை அங்கி, அந்த 35 மடங்கு எனக்குத் தெரியும். வாங்கும் முன்பே என் மனநல ஆலோசகர் சொன்னார். அதனால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். எனக்கு மோசமான வாரம் என்றால் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். அவள் வந்து துப்பாக்கியை எடுத்துப்போவாள், காரணம் கேட்க மாட்டாள். அவள் வீட்டில் இருக்கும் நாட்களில் எனக்குப் பயம் கூடுகிறது, என் உயிருக்கு ஆபத்து குறைகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கின்றன. இந்த இழையில் யாராவது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயாராக இல்லை.

குறிதவறான் (ஹூஸ்டன்)

பெண்களுக்கு எடை குறைவான மைக்ரோ வகைதான் சரி என்று கடைக்காரர்கள் தள்ளிவிடுவார்கள், ஏமாறாதீர்கள். சிறியதில் உதைப்பு அதிகம். 9 மி.மீ.தான் வேண்டும் என்றால் கொஞ்சம் நீளமான குழாய் உள்ளதாக...

நெறியாளர்

குறிதவறான், உங்கள் பதிவின் மீதிப் பகுதியை நீக்கியிருக்கிறேன். கருவி ஆலோசனைக்கு இந்த இழை இடம் இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

வைப்பாற்றான் (டாலஸ்)

நான் ஏன் கேட்டேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், ஆறு மாத விசா. மாலையில் நடக்கப் போவார். ஊரில் நடப்பதுபோலவே நடப்பார்: கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெதுவாக, வழியில் எந்த வீட்டில் செடி நன்றாக இருந்தாலும் நின்று பார்த்து. குளிர் என்றால் குரங்குக் குல்லாய். போன மாதம் அவருடைய படம் எங்கள் குடியிருப்புச் செயலியில் வந்தது, யாரோ வீட்டுக் கதவு மணிக் கேமராவில் பிடித்தது. "சந்தேகத்துக்குரிய நபர், வீடுகளை நோட்டமிடுகிறார்." கீழே பதில்கள். ஒருவர் காவல்துறைக்குச் சொல்லச் சொன்னார். இன்னொருவர், தன் வீட்டுப் பக்கம் வந்தால் தான் தயாராக இருப்பதாக எழுதி, ஒரு துப்பாக்கிப் படத்தையும் போட்டிருந்தார்.

அவர் ரோஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வளர்த்த அதே நிறம் என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

நான் அந்தச் செயலியில் "இவர் என் தந்தை" என்று எழுதினேன். பலர் மன்னிப்புக் கேட்டார்கள், ஒரு பாட்டி கேக் கொண்டுவந்து கொடுத்தார். துப்பாக்கிப் படம் போட்டவர் படத்தை மட்டும் நீக்கிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் யார், எந்த வீடு என்று எனக்குத் தெரியும். தினமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அவர் எதற்குத் "தயாராக" இருக்கிறார் என்பதைத்தான் அவரிடம் கேட்க முடியாமல் உங்களிடம் கேட்டேன்.

மினசோட்டா மாமி

படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. அலபாமா மாநிலம் மாடிசனில் 2015 பிப்ரவரியில் நடந்தது ஞாபகம் இருக்கும். சுரேஷ்பாய் பட்டேல், 57 வயது. பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்தவர். காலையில் மகன் வீட்டுத் தெருவில் நடந்தார். அக்கம்பக்கத்தில் ஒருவர் போலீஸை அழைத்து, ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவர் திரிகிறார் என்றார். வந்த அதிகாரி அவரைத் தரையில் தூக்கி அடித்ததில் கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டு உடல் ஓரளவு முடங்கிப்போனது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதுதான் அந்த வாக்குவாதத்தில் அவர் செய்த குற்றம்.

வாசல் மாறிப் போனவர்கள் கதை இன்னும் பழையது. 1992இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் யோஷிஹிரோ ஹட்டோரி என்ற ஜப்பானிய மாணவன், 16 வயது, விருந்துக்கு அழைத்த வீட்டை விட்டுவிட்டு வேறு வீட்டு மணியை அடித்தான். வீட்டுக்காரர் சுட்டதில் இறந்தான். சுட்டவர் குற்றவியல் வழக்கில் விடுதலை ஆனார். முப்பது வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், கான்சாஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவரப் போன ரால்ஃப் யார்ல், அவனுக்கும் 16. வேறு வீட்டு மணியை அடித்தான், கதவுக்குப் பின்னால் இருந்த 84 வயதுக்காரர் சுட்டார். பையன் பிழைத்தான். இரண்டே நாள் கழித்து நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறத்தில் கெய்லின் கில்லிஸ் என்ற இருபது வயதுப் பெண். தவறான வீட்டுப் பாதைக்குள் கார் திரும்பியதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டாள். அவள் வெள்ளைக்காரப் பெண். ஆக இது நம் நிறத்தோடு முடிகிற சங்கதியும் அல்ல.

இரவுக்கடை (ஜார்ஜியா)

மாமி, நீங்கள் சொன்ன பட்டேல் கையில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. ஹட்டோரி கையில்? கேமரா. நம்மைக் கண்டு பயப்படுகிறவன் நம் இடுப்பைச் சோதித்துவிட்டுப் பயப்படுவதில்லை. நான் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் அவன் அப்படியேதான் இருப்பான். பிறகு நான் எதற்காக வெறுங்கையோடு நிற்க வேண்டும்?

ஒலேத்தேயை மறந்துவிட்டீர்களா? 2017 பிப்ரவரி 22, கான்சாஸ். ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா, 32 வயது, ஹைதராபாத்துக்காரர், வேலை முடிந்து நண்பரோடு மதுவகத்தில் உட்கார்ந்திருந்தார். "என் நாட்டைவிட்டுப் போ" என்று கத்திக்கொண்டே ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். இரானியர் என்று நினைத்தானாம். 2012இல் விஸ்கான்சினில் ஓக் கிரீக் குருத்வாராவுக்குள் ஒருவன் புகுந்து சீக்கியர்களைச் சுட்டுக் கொன்றான். ஞாயிற்றுக்கிழமை, சமையல் நடந்துகொண்டிருந்தது. இவையெல்லாம் தொலைக்காட்சி உருவாக்கிய பயமா? அந்த வருடம் என் கடைக்கு வரும் சீக்கிய லாரி ஓட்டுநர்கள் பலர் துப்பாக்கி வாங்கினார்கள். அவர்களிடம் போய்ப் புள்ளிவிவரம் சொல்லுங்கள் பார்க்கலாம்.

கணக்கன்

அண்ணா, ஒலேத்தேயைச் சொன்னதால் ஒன்று கேட்கிறேன். அங்கே சுட்டவனைத் துரத்திப் பிடிக்கப் போனவர் இயன் கிரில்லட். அவரிடம் துப்பாக்கி இல்லை. குண்டுகளை எண்ணிக்கொண்டு மேசைக்கு அடியில் இருந்தார், தீர்ந்துவிட்டது என்று நினைத்து எழுந்து பாய்ந்தார், கையிலும் மார்பிலும் குண்டு வாங்கினார், பிழைத்தார். குடித்துக்கொண்டிருப்பவர்கள் நிறைந்த ஒரு மதுவகத்தில் ஐந்து பேர் உருவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெரியவில்லை என்கிறேன். டெக்சாஸே மதுவகங்களில் அனுமதிப்பதில்லை, வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவிலிருந்து வரும் இடம் என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு நிறத்தில் 51 என்று வாசலில் பலகை தொங்கும்.

இரவுக்கடை (ஜார்ஜியா)

நியாயமான கேள்வி. குடித்த இடத்துக்கு நான் எடுத்துப் போவதில்லை.

வன்னிமகன் (டொராண்டோ)

கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே பாதுகாப்புக்கு என்று கைத்துவக்கு காவித் திரிய ஏறத்தாழ எவருக்கும் அனுமதி கிடையாது. 2022 ஒக்டோபரில் இருந்து கைத்துவக்கு வாங்குவதையும் விற்பதையும் நிறுத்தியே விட்டார்கள். ஆகவே எனக்கு உங்கள் நாட்டுச் சட்டத்தில் கருத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் துவக்குகளுக்கு நடுவில் வளர்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஆயுதம் இல்லாத தரப்பு என்று சொல்ல எங்களைப் போன்ற சனங்கள் மட்டும்தான் மிஞ்சியிருந்தோம். யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று தெரியாத இடத்தில் பேச்சு மாறிவிடும். சந்தியில் இரண்டு பேர் வாக்குவாதப்பட்டால் மூன்றாவது ஆள் விலக்குப் பிடிக்க மாட்டார், பேசாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். எங்கள் ஐயா கடைக்காரருடன் கணக்கு வழக்கில் சத்தம் போடுகிறவர். ஒரு கட்டத்துக்குப் பிறகு கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்தார், ஏனெனில் கடைக்காரரின் தம்பி யாருடன் இருக்கிறான் என்று தெரியாது. எவரும் எங்களை மிரட்டவில்லை. மிரட்டத் தேவை இருக்கவில்லை.

மிச்சிகனில் இருக்கும் என் மச்சான் கலியாணம் ஒன்றுக்கு இங்கே வரும்போது, எல்லைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் காரை நிறுத்தி, இருக்கைக்கு அடியில், கதவுப் பெட்டியில், பிள்ளையின் பைக்குள் என்று எல்லா இடமும் தேடினான். வீட்டில் விட்டுவிட்டு வந்தானா இல்லையா என்று அவனுக்கே நிச்சயம் இல்லை. மனைவி வீட்டுக்காரர்களைத் தொலைபேசியில் எழுப்பிப் பார்க்கச் சொன்னான். அவனிடம் கேட்டேன், "மறக்கிற அளவுக்குப் பழகிவிட்டதா?" சிரித்தான்.

கணக்கன்

உங்கள் மச்சான் தனி ஆள் இல்லை. 2023இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் பயணிகளின் கைப்பைகளில் பிடிபட்டவை 6,737 துப்பாக்கிகள். 93 சதவீதத்தில் தோட்டா போட்டிருந்தது. பெரும்பாலோர் சொல்லும் பதில், "பையில் இருந்தது மறந்துவிட்டது."

குறிதவறான் (ஹூஸ்டன்)

நெறியாளர் வெட்டியதில் கோபம் இல்லை. வன்னிமகன் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு உண்மையாகவே யோசித்தேன்.

எடுத்துச் செல்ல ஆரம்பித்த பிறகு நான் சண்டை போடுவதில்லை. சாலையில் யாராவது குறுக்கே வெட்டினால் முன்பெல்லாம் ஒலிப்பானை அழுத்திப் பிடிப்பேன், இப்போது விட்டுவிடுகிறேன், ஏனெனில் வாய்ச்சண்டை முற்றினால் என் பக்கம் ஒரு துப்பாக்கி இருக்கிறது. வகுப்பிலும் இதைத்தான் சொல்கிறார்கள். இதை நல்ல மாற்றம் என்றே வைத்திருந்தேன். இன்னொரு பக்கம், உணவகத்தில் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவேன். வருகிறவர்களின் கைகளைப் பார்ப்பேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். "நீங்கள் இங்கே இல்லை" என்பாள். முன்பு இல்லாத பழக்கம் அது. தீயணைப்பான் எனக்கு இதைச் செய்யவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் விட முடியும் என்று தோன்றவில்லை. இடுப்பில் இல்லாத நாளில் ஏதோ நடந்துவிடும் என்ற எண்ணம் வந்துவிட்டது. வாங்குவதற்கு முன்பு அந்த எண்ணம் இருந்ததா என்று கேட்டால், இல்லை.

தனிவழி

வாசலைப் பார்த்து உட்காரும் பழக்கம் எனக்குத் துப்பாக்கிக்கு முன்பே இருந்தது. எனக்கு அது கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் வேறு.

பச்சை அங்கி

விவாதம் வேறு பக்கம் போகும் முன் ஒன்று கேட்க வேண்டும். இந்தக் குழுவில் நிறையப் பேர் டாலஸ், ஹூஸ்டன், அட்லாண்டா. வார இறுதியில் பிள்ளைகளை ஒருவர் வீட்டில் ஒருவர் விளையாட விடுகிறோம். 2020இலிருந்து இந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரையானவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் துப்பாக்கி, கார் விபத்தையும் தாண்டிவிட்டது. எத்தனை பேர் அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்?

மினசோட்டா மாமி

எப்படிக் கேட்பது? "என்ன எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நம் ஆட்களிடம் சம்பளம்கூடக் கேட்டுவிடலாம்.

பச்சை அங்கி

கடலை ஒவ்வாது, நாய் என்றால் பயம் என்று நாமே சொல்வோம் அல்லவா? அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் கேட்கிறேன். ஒருமுறை ஒரு அம்மா "இல்லவே இல்லை" என்றார். பின்னாலிருந்து கணவர் "இருக்கிறது, அலமாரியில்" என்றார். அந்த அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

இரவுக்கடை (ஜார்ஜியா)

என்னிடம் கேளுங்கள், கோபப்பட மாட்டேன். இருக்கிறது, இரும்புப் பெட்டியில், எண் பூட்டு, எண் என் மகனுக்குத் தெரியாது என்று சொல்வேன். வந்து பார்க்க வேண்டுமென்றாலும் காட்டுவேன். கேட்காமலேயே "இந்த மாமா துப்பாக்கி வைத்திருக்கிறார்" என்று பிள்ளையை அனுப்பாமல் நிறுத்திக்கொண்ட இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. அதுதான் எனக்கு வருத்தம்.

வைப்பாற்றான் தம்பி, அப்பாவை அந்த வீட்டுக்காரரிடம் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்துங்கள். பகலில், வாசலில் மணி அடித்து இரண்டடி பின்னால் தள்ளி நின்று. வேண்டுமானால் மாமியிடம் யோசனை கேளுங்கள், ஆனால் போங்கள். தெரிந்த முகத்தைப் பார்த்துக் கை அவ்வளவு சீக்கிரம் இடுப்புக்குப் போகாது.

வைப்பாற்றான் (டாலஸ்)

அப்பாவிடம் சொன்னேன். முதலில் அவரை நம் வீட்டுக்குக் கூப்பிடு, மணி அடிக்கிற வேலையை அவர் செய்யட்டும் என்கிறார்.

புதியவன்77

சட்டப்புள்ளி ஐயா, வேட்டை உரிமம் என்றீர்களே, அது எவ்வளவு ஆகும்?

சட்டப்புள்ளி

குடியேற்ற வழக்கறிஞரின் கட்டணத்தை முதலில் விசாரியுங்கள்.